லாபம், தூவே, த்ரே

திருப்பூர் கூட்ஸ் ஷெட், காலை 10.20. என் வண்டிக்கு இன்னும் நாற்பது நிமிடம். இத்தாலியிலிருந்து திரும்பி வந்த பனியன் பெட்டிகளின் முன் பழனிசாமி நிற்கிறார். நல்லூரில் சிறிய பனியன் கம்பெனி வைத்திருப்பவர். போன முறை நான் வந்தபோது ஊனோ, தூவே, த்ரே என்று இத்தாலி எண்களைப் பழகிக்கொண்டிருந்தார். டீக்கடையில் வடையைக்கூட "லாபம், தூவே, த்ரே" என்றே எண்ணினார். எந்த மொழியானாலும் ஒன்று என்பதற்கு லாபம் என்று சொல்லித் தொடங்குவது இங்குள்ள வியாபாரிகளின் வழக்கம்.

"சாயம் போகுதுன்னு அத்தனையும் திருப்பிட்டாங்க. நாளையிலிருந்து மிஷின் ஓடாதுங்க. பன்னெண்டு பேருத்துக்கு என்ன சொல்றதுன்னே தெரியலீங்க."

முதல் பெட்டியைத் தொட்டு எண்ணுகிறார்.

"ஊனோ."

நிமிர்ந்து பார்க்கிறேன்.

"அந்த வார்த்தை இன்னைக்கு வாயில வருமுங்களா?" என்கிறார்.

அடுத்த பெட்டியைத் தொடுகிறார்.

"தூவே."