வேலியோர வேம்பு

உகாதியன்று காலை எட்டு இருபதுக்கு வீட்டுக்காரம்மா மாடிப்படிக்குக் கீழே நின்று கத்தினார்.

"யோவ் சார்! இன்னா பூவுய்யா குடுத்தா உன் பொண்ணு?"

நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அவர் என்னை 'யோவ்' என்றதில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவருடைய மகன் மடியில் குழந்தை கிடந்தது. வீட்டுக்காரம்மாவின் பேத்தி, மூன்று வயது. பண்டிகைக்காகத் திருப்பதியிலிருந்து முந்தின நாள்தான் தாய் தகப்பனோடு வந்திருந்தது. வாந்தி எடுத்து ஓய்ந்திருந்தது. வாயோரம் எச்சில் நிற்காமல் வழிந்தது. புதுப்பாவாடை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

அந்த வீட்டில் பேச்சு பாதி தெலுங்கு. உகாதிப் பச்சடி இல்லாமல் வருடம் பிறக்காது. அதற்கு வேப்பம்பூ கொண்டுவரும் வேலையை அந்த அம்மாதான் என் மகளிடம் கொடுத்தார். "நீதான் மரம் மரமா பேரு சொல்றியே பாப்பா. மலைக்குப் பின்னால போறப்ப துணி விரிச்சி உலுக்கினு வா. கழுவிடாத. தேன் பூடும்." அவரும் கழுவவில்லை. பூசை முடிவதற்குள் வெல்லம் தூக்கலாகப் போட்டு, முதல் கிண்ணத்தைப் பேத்திக்கு ஊட்டிவிட்டார். மற்றவர்கள் யாரும் இன்னும் வாயில் வைத்திருக்கவில்லை.

"மலைவேம்புப் பூவ அள்ளிகினு வந்துட்டா," என்றார் மகன். "காலங்காத்தால அப்பனும் பொண்ணும் செடிய போட்டோ புடிச்சினு திரிஞ்சா இப்டிதான்."

எதிர்வீட்டுக்காரர் வேலை மெனக்கெட்டு வாசலைக் கடந்து வந்து சொன்னார்: "ஊமத்தையா கூட இருக்கும்பா. ரெண்டும் வெள்ளதானே."

ஊமத்தம்பூ ஒரு சாண் நீளம். வேப்பம்பூ அரிசிமணி அளவு. இரண்டையும் ஒன்றென்று சொன்ன அந்த ஆளின் முகத்தை இன்று பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மலைக்குப் பின்னால் போகும் காலை நடை என் சர்க்கரைக்காக ஆரம்பித்தது. பதினொரு வயது மகள் துணைக்கு வந்தாள். மாசி கடந்ததும் அந்தப் பாதை வேறாகிவிடும். புங்கமரத்தடியில் பொரி கொட்டினாற்போல் பூ. ஓடைக்கரையில் எருக்கு. கற்களுக்கிடையில் நெருஞ்சியின் மஞ்சள். போனில் உள்ள ஆப் முதல் வாரமே வேப்பங்கன்றைக் கறிவேப்பிலை என்றது. மகள் சிரித்துவிட்டு, அதன்பின் இலையைக் கசக்கி மோந்து, பூவைப் பிரித்துப் பார்த்துப் பழகினாள். தெருமுனை மலைவேம்பின் பூவுக்கு நடுவில் கத்தரிப்பூ நிறம் உண்டு என்று எனக்குக் காட்டியவளே அவள்தான். அவளா மாற்றிப் பறிப்பாள்?

தட்டில் மீந்திருந்த பூவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முழுக்க வெள்ளை. வேம்புதான். சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஒரு தாளில் அந்தப் பூவைப் பொட்டலம் கட்டிக்கொண்டேன்.

அவர்கள் ஆட்டோவில் போனார்கள். நான் மகளைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் தொடர்ந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் அவள் கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தேன்.

"நீ வாயில வச்சியா?"

"இல்லப்பா."

"பொய் சொல்லாத."

"இல்லன்னு சொல்றேன்ல!" கையை உதறிக்கொண்டாள். அந்தப் பார்வையில் நானும் எதிர்வீட்டுக்காரரும் ஒன்று.

டாக்டரம்மா குழந்தையின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பொட்டலத்தைப் பிரித்தார். "இது வேப்பம்பூதான். இதனால இப்படி ஆகாது. கண்ணுமணி கடுகு மாதிரி சுருங்கியிருக்கு. பூச்சி மருந்து உள்ள போயிருக்கு. ஊசி போட ஆரம்பிச்சிடறேன். ஆனா என்ன மருந்துன்னு தெரிஞ்சா நல்லது. வீட்ல என்ன வச்சிருக்கீங்க?"

"எங்க வூட்ல எலிமருந்து கூட கெடையாது," என்றார் வீட்டுக்காரம்மா. பிறகு என் மகளைப் பார்த்துத் திரும்பினார். "இன்னா கலந்தடி? சொல்லுடி!"

அவர் கையை ஓங்கினாரா, தலையில் அடித்துக்கொள்ளத் தூக்கினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் குறுக்கே போய் நின்றேன். "எம்பொண்ணு மேல கை பட்டா மரியாத கெட்டுடும்." பண்டிகைப் புடவையில் நின்ற ஒரு பாட்டியிடம், உள்ளே அவர் பேத்தி கிடக்கும்போது, அப்படித்தான் சொன்னேன்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "அப்பா, தேனீ."

"என்ன தேனீ?"

"பூ உலுக்கின மரத்தடியில செத்துக் கெடந்துச்சு. நிறைய. போட்டோ எடுத்தேன். ஏன் செத்துச்சுன்னு அப்புறமா உன்னைக் கேக்கலாம்னு."

போனை வாங்கிப் பார்த்தேன். விரித்த வேட்டியில் வெள்ளைப் பூ. ஓரத்து மண்ணில் தேனீக்கள், கால்களை மடக்கிக்கொண்டு. பின்னால் முள்வேலி. அதற்கப்பால் கோலிக்குண்டளவு பிஞ்சு பிடித்த மாமரங்கள்.

அன்று விடியற்காலை பதினைந்து நிமிடம் அந்த மரத்தடியில் நின்றிருக்கிறோம். எனக்கு வேப்பம்பூ வாசனை மட்டும்தான் வந்தது.

"மாமரத்துக்கு மருந்து அடிச்சிருக்கணும்," என்று படத்தை வீட்டுக்காரம்மாவின் மகனிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். என் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு தோப்புப் பக்கம் ஓடினார். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும்.

காத்திருந்த நேரம் முழுவதும் வீட்டுக்காரம்மா பெஞ்சின் ஒரு முனை, நாங்கள் மறுமுனை. உள்ளே குழந்தை அழவில்லை. அழுதால் தேவலை என்று இருந்தது. அந்த மரத்தை வேரோடு பிடுங்கிப் போட வேண்டும் என்று நினைத்தேன். மகள் உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். மறுபடி கழுவச் சொன்னேன்.

குழந்தை பிழைத்துவிட்டது. இல்லாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெஞ்சில் அது எங்களுக்குத் தெரியாது.

கடைசியில் வீட்டுக்காரம்மாவின் மகனோடு ஒருவர் வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், செருப்பில்லை. தோப்பு குத்தகைக்காரர். கையில் நசுங்கிய மருந்து டப்பா. வீட்டுக்காரம்மா எழுந்து அவரை நோக்கிப் போனார். அவர் நகரவில்லை. டப்பாவை என் கையில் திணித்தார்.

"நேத்து பொழுதுசாய அடிச்சது இதான் சார். வேலி மரத்து மேலயும் பட்டிருக்கும். மொதல்ல டாக்டரண்ட குடுங்க. அப்பால என்னிய அடிக்கறதுன்னா அடிங்க."