லூர்து அக்காவின் செவ்வந்தியும் திறக்காத கதவும்

லூர்து மேரி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி போன செவ்வாய்க்கிழமை காலை தையற்கடைக்கு வந்தது. சொல்ல வந்தவருக்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தைத்துக்கொண்டிருந்த பாடசாலைச் சட்டையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அக்காவாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார். இருபது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். எங்கள் மாதா கோயில் மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்டிருக்கிறார்கள். நல்லதோடு மற்றதையும் எழுதுகிறேன்.

அலுவிகாரைப் பக்கம் அவர் வீட்டுக் கிணற்றடி முழுக்கச் செவ்வந்தி. நுவரெலியாவிலிருந்து வந்த ஒரே ஒரு கன்றில் தொடங்கியது. வருடா வருடம் பூ முடிந்ததும் தண்டை வெட்டிவிட்டு, வேரைச் சுற்றி முளைக்கும் பக்கக் கன்றுகளைப் பிரித்து, மக்கிய சாணம் போட்ட புது மண்ணில் நடுவார். அசுவினிப் பூச்சி விழுந்தால் அடுப்புச் சாம்பல். நுனியைக் கிள்ளக் கிள்ளச் செடி கிளைத்துப் பரவும். ஆனால் பூ தள்ளிப்போகும். நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாளுக்குக் கல்லறையில் பூ வேண்டுமென்றால், ஆகஸ்ட் மாதா திருநாளோடு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். இது அக்காவின் கணக்கு, ஒரு வருடமும் பிசகியதில்லை.

எண்பத்து மூன்று ஆடியில் தமிழர் வீடுகளை எரிக்கும் கூட்டம் எங்கள் தெருவுக்குள் வந்தது. அக்காவும் அவர் கணவர் அந்தோனி அண்ணனும் பின்பக்கமாக ஓடிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அங்கே வாடகைக்கு இருந்தவர் எழுத்து வேலை பார்த்த ஒரு கிளாக்கர், எங்கள் கோயில்காரர்தான். வீட்டுச் சொந்தக்காரர் சிங்களவர் என்பதால் அதை யாரும் தொடமாட்டார்கள் என்று தெருவுக்கே தெரியும். உள்ளே றேடியோ பாடிக்கொண்டிருந்தது. தட்டியதும் நின்றது. கதவு திறக்கவில்லை. அண்ணனை இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த ஒழுங்கையிலேயே போட்டு அடித்தார்கள். ஒரு மாதம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். வீடும் எரிந்தது. கிணற்றடியில் மட்டும் அடுத்த மழைக்குச் செவ்வந்தி முளைத்திருந்தது.

கிளாக்கரய்யா ஊரெல்லாம் சொன்னது ஒன்றுதான்: அன்றைக்கு அவர்கள் குடும்பத்தோடு நாவுலைக்குப் போயிருந்தார்களாம்.

பல வருடம் கழித்து அவருடைய மனைவி இறந்தார். அந்தக் கல்லறையில் நட நாலு செவ்வந்திக் கன்று கேட்டுக் கிளாக்கரய்யா அக்காவிடம் வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா நிதானமாகக் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க வீட்டுல இருந்தீங்களா, கிளாக்கரய்யா?"

"நாங்க நாவுலைக்குப் போயிருந்தோமே."

அக்கா நல்ல கன்றுகளாகப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தார். வேரில் ஈரச் சாக்கும் சுற்றினார். செப்டம்பர் கடைசி வரைக்கும் விடாமல் நுனி கிள்ளச் சொல்லி அனுப்பினார். அவர் போனதும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவர் உண்மையச் சொல்லட்டும். நானும் சொல்றேன்," என்றார்.

அந்த நவம்பரில் கல்லறைத் தோட்டமே பூவாக இருந்தபோது அந்த அம்மாவின் கல்லறையில் வெறும் இலை. டிசம்பரில், யாரும் போகாத நேரத்தில் பூத்தது. ஜனவரியில் கிளாக்கரய்யா வந்து குறைப்பட்டுக்கொண்டார். அக்கா அதே கேள்வியைக் கேட்டார். அதே நாவுலை. அதே செப்டம்பர் கணக்கைச் சொல்லி அனுப்பினார். இப்படியே எட்டு வருடம். ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளே இனித்தது. அதை மறைக்க மாட்டேன்.

வியாழக்கிழமை அக்காவை அடக்கம் செய்தோம். எல்லோரும் போனபின் கிளாக்கரய்யா கைத்தடியோடு என்னிடம் வந்தார். செடியைப் பற்றி இனி யாரிடம் கேட்பது என்றார். அக்காவின் கேள்வியை நான் கேட்டேன். கைத்தடியை மண்ணில் ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"இருந்தோம். திறங்க திறங்கன்னு என் வீட்டுக்காரி கையப் புடிச்சு இழுத்தா. நான்தான் சாவியச் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன்."

மூன்று நாள் முந்தி இதைச் சொல்லியிருந்தால் அக்கா கேட்டிருப்பார். கிளாக்கரய்யாவுக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

கிளாக்கரய்யா, இந்த மலரை நீங்கள் ஒரு வரி விடாமல் வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் செடியில் ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு நாங்கள் தவறாகத்தான் சொல்லிக் கொடுத்தோம், தெரிந்தே. இந்த வருடம் அந்தச் செடிகளில் நீங்கள் கை வைக்க வேண்டாம். நானே கிள்ளுவேன், மாதா திருநாளோடு நிறுத்துவேன். நவம்பரில் அது பூக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். அந்தப் பூ உங்களுக்கானதல்ல.

அக்கா, நீங்கள் தட்டியபோது உள்ளேயிருந்து ஒருத்தி உங்களுக்காகக் கெஞ்சியிருக்கிறாள். அது தெரியாமல் எட்டு வருடம் அவளைப் பூ இல்லாமல் கிடக்க வைத்தோம். என் பங்குக்கு நான் இங்கே செய்கிறேன். அங்கே அவளைக் கண்டால் உங்கள் பங்கை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். போய் வாருங்கள்.