படக்கதைக்காரருக்கு நான் போட்ட கார்டு

போன மாதம் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் அழுதாள். ஜப்பானில் ஒரு படக்கதைக்காரர் நோயில் இறந்துவிட்டாராம். அவரை அவள் பார்த்ததில்லை. அவர் பாஷையும் தெரியாது. ஆனாலும் அவளும் தோழிகளும் அவர் வரைந்த முகங்களைச் செல்போனில் ஒருத்திக்கொருத்தி அனுப்பி அனுப்பி அழுதார்கள். என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. ஒரு படக்கதைக்காரரை நானே கொன்றுவிட்டதாக மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

அப்போது நாங்கள் தண்டையார்பேட்டையில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் தெரு சலூனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வாரப் பத்திரிகை வரும். அதன் நடுப்பக்கத்தில் ‘சுக்கான்’ என்று ஒரு படக்கதை. சுக்கான் எங்களைப் போல ஒரு பையன். கடலுக்குள் முங்கிப் போய்த் திருடர்களைப் பிடிப்பான். வெள்ளிக்கிழமையானால் முடி வெட்ட வருகிறவர்களைவிட சுக்கானுக்காக வருகிற கூட்டம்தான் அதிகம். அம்மாவின் தம்பி, ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் மாமா, எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

ஒருமுறை சுக்கான், மூழ்கிப்போன கப்பல் ஒன்றைத் தேடிக் கடலுக்குள் போனான். போனவன் ஐந்து வாரமாகியும் மேலே வரவில்லை. வாரத்துக்கு வாரம் படமும் குறைந்துகொண்டே வந்தது. முதலில் கப்பல் காணாமல் போனது. அப்புறம் மீன்கள். ஐந்தாவது வாரம் பக்கம் முழுக்க வெறும் குமிழிகள்.

“இன்னாய்யா இது, சோடா பாட்டில வரைஞ்சி வெச்சிகிறான்?” என்றார் சலூன்காரர்.

“அஞ்சி வாரமா தண்ணிக்குள்ளயே கீறான், மூச்சு வுட வேணாமா?” என்றார் மாமா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு போஸ்ட் கார்டை எடுத்து, “யோவ் சாவுகிராக்கி! வரைய சோம்பேறித்தனமா? சுக்கானை சீக்கிரம் மேல ஏத்து” என்று எழுதி, மரியாதையாக என் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் போட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். எங்கள் பக்கம் அது ஒன்றும் பெரிய வார்த்தை இல்லை. வண்டிக்குக் குறுக்கே வருகிறவனை ரிக்‌ஷாக்காரர் அப்படித்தான் கூப்பிடுவார். பால் பொங்கி வழிந்தால்கூட அம்மா என்னைத்தான் அப்படிச் சொல்வாள்.

அடுத்த வாரமும் குமிழிதான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சுக்கான் இருக்கிற இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். மாமா முதல் வரியைப் படித்தார். படக்கதை வரைந்தவர் காலமாகிவிட்டார். மீதியைக் கேட்க நான் அங்கே இல்லை, வீட்டுக்கு ஓடிவிட்டேன். சாவுகிராக்கி என்ற வார்த்தைக்குள் ‘சாவு’ இருப்பது அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

எங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் போஸ்டர் ஒட்டாமல் விடமாட்டார்கள். சலூன் கூட்டமும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தது. ஆனால் வரைந்தவர் முகம் ஒருத்தருக்கும் தெரியாது. ஆகவே சுக்கான் படத்தையே பெரிதாகப் போட்டு, ‘கண்ணீருடன், சலூன் நண்பர்கள்’ என்று அச்சடித்து ரயில்வே கேட் வரைக்கும் ஒட்டிவிட்டார்கள். மீன்கார அக்கா ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, “அய்யோ, மூக்கும் முழியுமா கீறானே! எந்த வூட்டுப் புள்ள இது? எப்ப எடுக்குறாங்கோ?” என்று மாரில் அடித்துக்கொண்டாள். தெருவே சிரித்தது. எனக்கு மட்டும் சுவருக்குச் சுவர் சுக்கான் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

சோறு இறங்கவில்லை. வகுப்பும் பிரிவும் எழுதியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று நினைத்து நினைத்துப் பயந்தேன். போலீஸ் நேராக ஐந்தாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கே வந்துவிடுமே! மூன்றாம் நாள் காலை தெருவில் ஏதோ மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் நுழைந்துவிட்டேன். மாமாதான் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

“இன்னாடா மாப்ள, இன்னா பேஜாரு உனக்கு?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

“டேய், அந்த வார்த்தைக்கு உசுரு போவும்னா, உங்கம்மா வாய்க்கு நீ டெய்லி பத்து தபா செத்துகினு இருக்கணும்!”

“அந்தச் சாவுகிராக்கிய மொதல்ல எந்திரிச்சு வந்து துன்னச் சொல்லுடா!” என்று அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

நான் அப்போதும் நம்பவில்லை. மாமா சலூனுக்குப் போய்ப் பத்திரிகையை வாங்கிவந்து, கறுப்புக் கட்டத்தில் விரலை வைத்து, “நீயே படி” என்றார். “இரண்டு வருடமாக நோயுற்றிருந்தும், மருத்துவமனையில் படுத்தபடியே, கடைசி வாரம்வரை வாசகர்களுக்காகச் சுக்கானை வரைந்துவந்தார்” என்று இருந்தது.

இரண்டு வருடம்! விரல் விட்டு எண்ணினேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் மூன்றாம் வகுப்பு. சுக்கான் என்று ஒருவன் இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. என் கார்டு போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. அப்படியென்றால் நான் இல்லை! நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ தூக்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது. ஐந்து தோசை தின்றேன். வெளியே ஓடிப்போய், சுவரில் இருந்த சுக்கானைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பையன்களோடு கோலி ஆடப் போய்விட்டேன்.

அந்த வரியை அன்றைக்கு மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் ‘இரண்டு வருடம்’ மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அதற்கடுத்தே ‘படுத்தபடியே’ என்றும் எழுதியிருந்தார்கள். அந்தப் படுக்கைக்கும் தபால் போயிருக்கும், யாராவது எடுத்துப் படித்துக் காட்டியிருப்பார்கள் என்பது, கோலி ஆடி முடித்து வீடு திரும்பிய பிறகும் எனக்குத் தோன்றவில்லை.