எண்பது கேள்வியும் ஒரு ஜெனரல் ஷிப்டும்

வல்லக்கோட்டை நிறுத்தத்தில் மரகதம் ஏறிவிட்டாள் என்பது கம்பெனி பஸ் டிரைவருக்குக் கண்ணாடியைப் பார்க்காமலே தெரியும். "இன்னாய்யா, பிரேக்கு இந்தக் கத்து கத்துது, காதுல வுழலயா?" என்று படியில் கால் வைக்கும்போதே கேட்பாள். இறங்கிப் பார்த்தால் பிரேக்கில் கோளாறும் இருக்கும். டிரைவருக்குப் பிடிக்காதது அதுதான்.

மரகதத்துக்கு அப்போது நாற்பத்தொரு வயது. ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள் என்று சேமியா மாதிரி வருகிற வயர்களைப் பலகையில் வரிசையாகப் பிடித்து, கிளிப் மாட்டி, டேப் சுற்றி அனுப்ப வேண்டும். லைனில் அவளைத் தவிர எல்லாருமே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த இருபது வயதுப் பெண்கள். மூன்று பலகை தள்ளி ஒருத்தி கிளிப்பைத் திருப்பி மாட்டினால் மரகதத்தின் குரல் இங்கிருந்தே போகும். மாட்டியவள் குனிந்து பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கழற்றி மாட்டுவாள்.

வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் ஷிப்டில்தான். அவளுக்கு ஒரு வாரம் காலை ஆறு மணி, மறுவாரம் மதியம் இரண்டு மணி. புருஷன் கன்னியப்பன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கின் கேட்டில் செக்யூரிட்டி. அவனுக்கு மூன்று ஷிப்டும் சுற்றிச் சுற்றி வரும். ஆக, ஆறு வாரத்தில் இரண்டு வாரம்தான் இருவரும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்புவார்கள். மற்ற நாளில் ஒருத்தர் சமைத்து மூடிவைத்ததை இன்னொருத்தர் திறந்து சாப்பிட வேண்டும். மகள் வேலூரில் நர்சிங் படிக்கப் போனபிறகு, சண்டை போடுவதற்குக்கூட நாள் பார்க்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை வந்த கோபத்தை மரகதம் சனிக்கிழமை வரை வைத்துக் காப்பாற்றிய வாரங்கள் உண்டு.

அதனால்தான் 2011 ஆடி மாதத்தில் நோட்டீஸ் போர்டில் அந்தத் தாள் ஒட்டியதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். புதிதாகச் சேரும் பெண்களுக்கு வேலை பழக்க ஒரு தனி லைன் வருகிறதாம். பகலில் மட்டும் ஓடும். அதற்கு ஒரு லீடர் வேண்டும். எட்டரையிலிருந்து ஐந்தரை வரை ஜெனரல் ஷிப்ட். தினமும் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம் என்று நினைக்கும்போதே அவளுக்கு ஏதோ அரசாங்க உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது.

பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். எச்ஆரில் இருந்த சசிகலா, சென்னைப் பெண், இருபத்தாறு வயது, எல்லாரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள்கட்டைக் கொடுத்தாள். எண்பது கேள்விகள். ஒவ்வொன்றும் "நான் இப்படிப்பட்டவர்" என்று ஒரு வரி. அறவே பொருந்தாது என்றால் ஒன்று, முழுக்கப் பொருந்தும் என்றால் ஐந்து.

"இதுல சரி, தப்புன்னு எதுவும் கிடையாது. உங்க குணம் என்ன, பலம் என்னன்னு நீங்களே தெரிஞ்சுக்கலாம். அனுப்பவேண்டிய சரக்கு நிறைய இருக்கறதால லைனை நிறுத்த முடியாது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எழுதிட்டு வந்துடுங்க."

சரி தப்பு கிடையாது என்பதை ஒருத்திகூட நம்பவில்லை.

மரகதத்தின் வீட்டில் ஒரு வழக்கம். தாள் என்று எது வந்தாலும் அது கன்னியப்பனுடையது. ரேஷன் கார்டு, கேஸ், பி.எஃப்., மகளின் சாதிச் சான்றிதழ் எல்லாம் அவன் எழுதியதுதான். மரகதத்துக்கு எழுதத் தெரியாமல் இல்லை, பத்தாவது வரை படித்தவள். ஆனால் அவன் எழுதிய பாரம் இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த வாரம் அவனுக்கு மூன்றாவது ஷிப்ட். பகலெல்லாம் தூங்கி நான்கு மணிக்கு எழுந்தவன், டீயைக் குடித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மரகதம் எதிரே முறத்தை வைத்துக்கொண்டு புடலங்காய் நறுக்கினாள்.

"'புதிய மனிதர்களிடம் எளிதில் பழகுவேன்.' இன்னா போடட்டும்?"

"அஞ்சு போடு. பஸ்ஸுல பக்கத்துல குந்தறவ மாமியா பேரு வரைக்கும் கேட்டுர மாட்டேன்?"

"வாய் ஜாஸ்தின்னு நெனச்சுக்குவாங்க. மூணு போடறேன்."

"சரி, போடு."

"'முடிவெடுக்கத் தயங்கமாட்டேன்.'"

"அஞ்சு."

"அடங்காதவன்னு எழுதிக்குவாங்கமே. மூணு."

மரகதம் யோசித்துப் பார்த்தாள். அவன் சொல்வது சரியாகத்தான் பட்டது. பதினான்கு வருஷமாகக் கேட்டில் ரெஜிஸ்டர் எழுதுகிறவன். வந்த வண்டி, போன வண்டி, நேரம். அதிகமாக எழுதினால் மேனேஜர் கூப்பிடுவார், குறைவாக எழுதினால் போலீஸ் கூப்பிடும். நடுவில் நிற்கிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது கன்னியப்பன் கண்ட உண்மை.

"'எனக்குச் சீக்கிரம் கோபம் வரும்'" என்று படித்துவிட்டு, அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

"இன்னா பாக்கறே?"

"சும்மாதான்."

"ஒண்ணு போடு."

"ஒண்ணா?"

"பின்ன? எனக்கா கோவம் வருது? சொல்லுய்யா, எனக்கா கோவம் வருது?"

அவள் கையில் கத்தி இருந்தது. புடலங்காய் துண்டு ஒன்று முறத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

"மூணு போட்டுடறேன், வுடு" என்றான் கன்னியப்பன்.

அதற்குப் பிறகு அவன் கேள்வியைச் சத்தமாகப் படிப்பதையே நிறுத்திவிட்டான். எண்பதும் கால் மணி நேரத்தில் முடிந்தது.

பத்து நாள் கழித்து உறைகள் வந்தன. கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டு ஆளாளுக்குப் பிரித்தார்கள். உள்ளே வண்ணக் கோடு போட்ட ஒரு படம், கீழே இரண்டு பத்தி எழுத்து. சாத்தான்குளத்துச் செல்லக்கனி, பக்கத்தில் நின்றாலும் குரல் கேட்காத பெண், தன்னுடையதை வாசித்தாள். "'அமைதியானவர். பிறர் சொல்வதை முழுமையாகக் கேட்பவர். பொறுமையே இவரது பலம்.'" மற்ற பெண்கள் ஓவென்று கத்தினார்கள். அவளைச் சூப்பர்வைசர் நரசிம்மன்தான் வற்புறுத்திப் பெயர் கொடுக்க வைத்திருந்தார்.

மரகதத்தின் படத்தில் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆள் போனதும் மிஷினில் தெரியுமே, அந்த மாதிரி ஒரே நீட்டாகப் போயிருந்தது. கீழே ஒரே வரி. "இவரிடம் குறிப்பிட்டுச் சொல்லத்தக்க பண்பு எதுவும் புலப்படவில்லை."

செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். "யக்கா, ஒங்களுக்கு கொணமே இல்லன்னு போட்டுருக்கு. அப்போ எங்கள தெனமும் வையுதது யாரு?"

பெஞ்சே சிரித்தது. மரகதம் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எச்ஆர் அறைக்குப் போனாள்.

"மேடம், அஞ்சு வருஷமா ஒரே ஒரு நாளு லேட்டா வந்துகீறேன். அதுவும் மாமனாரு செத்த அன்னிக்கி. எனக்குக் குணமே இல்லையா?"

சசிகலா கோப்பைப் புரட்டினாள். எண்பது கட்டத்திலும் மூன்று, மூன்று, மூன்று. ஒன்றுபோல அழகான கையெழுத்து.

"இத நீங்கதான் எழுதினீங்களா?"

"எங்க வூட்டுக்காரரு எழுதனாரு."

"அவர் ஏன் எழுதினார்?"

"பாரம்னா அவருதாம்மா எழுதுவாரு" என்றாள் மரகதம், இதைக்கூடவா கேட்பார்கள் என்ற மாதிரி.

சசிகலா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு புதுத் தாள்கட்டு ஒன்றை எடுத்தாள். "அக்கா, நாளைக்கு லிஸ்ட் முடிவாகுது. இப்பவே டிரெய்னிங் ரூம்ல உக்காந்து நீங்களே எழுதிக் கொடுங்க. நரசிம்மன் சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

டிரெய்னிங் ரூமில் ஏசி ஓடியது. முப்பது நாற்காலிக்கு நடுவில் மரகதம் மட்டும் உட்கார்ந்திருந்தாள். முதல் இருபது கேள்வி ஓட்டமாக ஓடியது. புதிய மனிதர்களுக்கு ஐந்து, முடிவெடுப்பதற்கு ஐந்து. கோபத்துக்கு நான்கு போட்டாள், பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை என்பதால்.

இருபத்தேழாவது கேள்வியில் பென்சில் நின்றது. "பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பேன்."

லீடருக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? ஐந்து போட்டால் ஜெனரல் ஷிப்ட். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் கேன்டீனில் பிரித்த அந்த நீட்டுக் கோடு கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுபடியும் ஒரு பொய்யை எழுதி, மறுபடியும் யாரோ ஒருத்தியின் காகிதத்தை வாங்கிக்கொண்டு போவதா?

போன மாசம் நடந்தது ஞாபகம் வந்தது. செல்லக்கனி மூன்று தடவை பக்கத்தில் வந்து, "யக்கா, இந்தப் பெட்டி கனெக்டர்..." என்று ஆரம்பித்தாள். மூன்று தடவையும் மரகதம், "கை வேலய பாருடி" என்று அனுப்பினாள். வயர் முனையில் மாட்டும் கனெக்டர் பெட்டி மாறி வந்திருந்தது. அறுபது வயர்க்கட்டு வீணானது. நரசிம்மன் சத்தம் போட்டபோது செல்லக்கனி தலை குனிந்து நின்றாள். மரகதம் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் ஒன்று என்று போட்டாள்.

அடுத்ததே, "தவறு என்னுடையதென்றால் ஒப்புக்கொள்வேன்." இந்தக் கேள்வி எழுதியவன் எங்கேயாவது தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருப்பானோ என்றுகூட நினைத்தாள். மூன்று என்று போட்டாள். அது கன்னியப்பன் எழுதிய மாதிரியே இருந்தது. அழித்துவிட்டு இரண்டு போட்டாள்.

மறுநாள் மதியம் சசிகலா கூப்பிட்டனுப்பினாள். இந்தத் தடவை படத்தில் கோடு ஒரு மலையாக ஏறி, பக்கத்திலேயே ஒரு கிணறாக இறங்கியிருந்தது.

"உண்மையா எழுதியிருக்கீங்கக்கா. ஆனா லீடர் வேலைக்கு வராது" என்று சசிகலா கிணற்றைக் காட்டினாள். "பொறுமை, கேக்கறது, ரெண்டும் ரொம்பக் கம்மி. புதுப் பொண்ணுங்க பயந்துடுவாங்க."

"யாருக்குக் குடுக்கறீங்க?"

"செல்லக்கனிக்கு."

"அந்தப் பொண்ணுக்கு வாயே கெடயாதே மேடம்!"

"காது இருக்குல்ல."

மரகதம் எழுந்தாள். கதவு வரை போனாள். சாயங்காலங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போவது தெரிந்தது. கைப்பிடியைத் திருப்பப் போனவள், திரும்பி வந்து காகிதத்தில் மலை மேல் விரலை வைத்தாள்.

"இது இன்னாது?"

"பிழை காணும் கூர்மை. நூத்துக்குத் தொண்ணூத்தேழு. இவ்வளவு நான் யாருக்கும் பாத்ததில்ல."

"கிணறு இருக்கறதுக்கு வேலை இல்லன்னு சொல்லிட்டீங்க. சரி. இவ்ளோ பெரிய மலை கீதே, இதுக்குக் கம்பெனில இன்னா வேலை?"

சசிகலா படத்தை மறுபடி பார்த்தாள். "வெளியிலேருந்து வர்ற கனெக்டர், கிளிப் பெட்டியெல்லாம் செக் பண்ற இடம் ஒண்ணு இருக்கு. பின்னாடி கேட்டுகிட்ட. போன வருஷத்துல மூணு பேர் விட்டுட்டுப் போயிட்டாங்க. சரக்கு கொண்டுவர்றவங்ககிட்ட தினமும் சண்டை. திருப்பி அனுப்பினா கத்துவாங்க. சம்பளமும் இதேதான்."

"அது எந்த ஷிப்ட்டு?"

"வண்டியெல்லாம் பகல்லதானே வரும். ஜெனரல்."

"எம் பேர எழுதிக்குங்க."

"அவசரமில்லக்கா. வீட்டுக்காரரைக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுங்க."

"அவரக் கேட்டா மூணும்பாரு. எழுதிக்குங்கம்மா."

லைனுக்குத் திரும்பி வந்து நேராகச் செல்லக்கனியின் பலகைக்குப் போனாள். கூட்டம் கூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாகப் பேசினாள். "அன்னிக்கி அந்தப் பெட்டி விஷயம். நீ சொல்ல வந்தே, நாந்தான் கேக்கல. சார்கிட்டயும் சொல்லிடறேன்."

"தெரியும்லாக்கா" என்றாள் செல்லக்கனி.

"தெரியுமா? தெரிஞ்சிகினு அன்னிக்கே ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க பேச விட்டிய?"

மரகதம் நரசிம்மனிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு, பழைய கணக்கு முடிந்துவிட்டது, போய் வேலையைப் பாரும்மா என்றார். இதற்கா ஒரு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை பின்பக்கக் கேட்டில் வேலையில் சேர்ந்தாள். பதினோரு மணிக்குள் இரண்டு வண்டியைத் திருப்பி அனுப்பினாள். இரண்டாவது டிரைவர் கத்தினான். மரகதம் அவனைவிடச் சத்தமாகக் கத்தினாள். மதியம் அவன் முதலாளி போன் செய்து, பெட்டியில் கோளாறு உண்மைதான் என்று ஒப்புக்கொண்டாராம். அன்றைக்கு அவள் சாப்பிட்ட சாம்பார் சாதம் ஐந்து வருஷத்தில் கேன்டீனில் சாப்பிட்டதிலேயே ருசியானது.

ஆறேகாலுக்கு வீட்டுக்கு வந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. கன்னியப்பனுக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட், மூன்று மணிக்கே வந்துவிட்டவன். கைலியோடு பாயில் நீட்டிப் படுத்து, டிவியில் சத்தத்தைக் கூட்டி வைத்து, வயிற்றின் மேல் கடலைப் பொட்டலத்தை வைத்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான். கடலைத் தோல் பாயெல்லாம் பறந்தது.

அவள் செருப்பைக் கழற்றியதும் வேலை தொடங்கிவிட்டது. அடுப்புப் பக்கத்தில் பால் பொங்கி வழிந்த கறை. குடத்துக்கு மூடி இல்லை. துவைத்துப் போட்ட சட்டை கொடியில் உள்பக்கம் வெளியே தெரியத் தொங்குகிறது. குழம்பில் உப்பு கம்மி, புளி ஜாஸ்தி, கறிவேப்பிலையைக் கழுவவே இல்லை.

"தோ பாரு, இந்தத் தட்டுல எண்ணெப் பிசுக்கு அப்டியே கீது."

கன்னியப்பன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"மரகதம்."

"இன்னா?"

"இனிமே தெனமும் இந்நேரத்துக்கு வந்துருவியா?"

"தெனமும்."

அவன் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டான். "அந்தப் பக்கம் ஓவர்டைமெல்லாம் கெடயாதா?"

"கெடயாது" என்றாள் மரகதம். தட்டை மறுபடி கழுவிக்கொண்டு வந்து, இரண்டு பேருக்கும் சோற்றைப் போட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடலைத் தோலைக் கையால் ஒதுக்கிவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தாள். கன்னியப்பன் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.