மூடிய கண்ணில் பட்ட புள்ளி

போலந்தின் கிராக்கோவில் என் ஜன்னலோரம் ஒரு பழைய போன் கிடக்கிறது. கேமராக் கண்ணில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். குழாய் பார்க்க வந்த வீட்டுக்காரம்மா அதைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "க்தோ உமார்?" என்றாள். யார் செத்துப்போனது என்று அர்த்தம். சாவு வீட்டில் கண்ணாடியை மூடிவைப்பது இவர்களுடைய பழைய வழக்கமாம். "யாருமில்லை, ஆராய்ச்சிக்கு" என்றேன். நம்பாமல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். இவள் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க என்று எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

ஆராய்ச்சி இதுதான். விண்வெளியிலிருந்து எந்நேரமும் கதிர்கள் விழுகின்றன. மூடிய கேமராவிலும் வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டுப் போகும். எங்கோ தொலைவில் ஒரு கதிர் உடைந்து, அதன் துண்டுகள் பூமியின் வெவ்வேறு மூலைகளில் ஒரே சமயத்தில் விழுமா என்று தேடுகிறோம். ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஆளுக்கொரு ஊரில். உறவுக் கதிர்கள் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அப்படிப் பொய்க் கதிர்களை உடைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. நிஜத்தில் இன்னும் ஒன்றும் சிக்கவில்லை.

போன தடவை ஊருக்குப் போனபோது இன்னொரு போனை கோவில்பட்டி வீட்டில், அப்பா கட்டிலுக்கு எதிர் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். அதில் விழும் புள்ளிகள் இங்கே என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். "கண்ணைக் கட்டிவச்சிட்டு எதைலே பாக்கப்போற?" என்று அப்பா சிரித்தார். ஆனாலும் அதை ஒருத்தரையும் தொடவிடவில்லையாம்.

மாசியில் அப்பா போய்விட்டார். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் என்னால் கிளம்ப முடியவில்லை. தம்பிதான் கொள்ளி வைத்தான். காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் மத்தியானம் கூப்பிட்டான். "அண்ணே, அப்பா போன நேரத்துல உன் போன்ல ஏதும் பட்டுச்சா?"

அவனை லைனிலேயே வைத்துக்கொண்டு இரண்டு போன்களின் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். அங்கே ஒரு புள்ளி. அதே நிமிடத்தில் இங்கே ஒன்று. சிக்கிவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? கோவில்பட்டிப் பதிவின் நேரத்தை வேண்டுமென்றே ஒரு மணி தள்ளிவைத்து ஒப்பிட்டேன்; ஒரே நேரத்தில் விழுவது உறவால்தான் என்றால், தள்ளியதும் ஜோடிகள் கலைந்துவிட வேண்டும். சம்பந்தமே இல்லாத புள்ளிகள் அப்போதும் ஜோடி சேர்ந்தன. இன்னும் தள்ளினேன், அப்போதும் சேர்ந்தன. அப்பா உயிரோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நேரங்களிலும் அதேபோல் ஜோடிகள். வெறும் தற்செயல்தான்.

சொல்ல வாயெடுத்தேன். தம்பி முந்திக்கொண்டான்.

"கடைசியா முழிச்சு, மூத்தவன் வந்துட்டானாலேன்னு கேட்டாவண்ணே. வந்துட்டான்ப்பான்னு சொல்லிட்டேன். அந்த போனையே பாத்துக்கிட்டு இருந்தாவ, அப்படியே போயிட்டாவ. நான் சொன்னது பொய்யாண்ணே?"

"இல்லலே. பட்டுச்சு" என்றேன்.

ஓவென்று அழுதான். எனக்கும் அடக்க முடியவில்லை. திரையில் அந்த ஜோடிக்கு நேரே முடிவு எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது. தம்பி இன்னும் லைனில்தான் இருந்தான். 'உறவில்லை' என்று அடித்தேன்.