சித்தப்பாவின் அலைவரிசை

பேசும் பித்தானை விட்டதும் எழுகிற 'கரகர' ஓசைக்குப் பின்னால் ஒரு படகின் இன்ஜின் சத்தமும், அதையும் மீறி ஒரு மனிதக் குரலும் வரும். நாகப்பட்டினத்துக்கு வடக்கே, காவிரியின் கிளையொன்று கடலில் சேரும் எங்கள் ஊரில், படகுக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக 'வயர்லெஸ்' பெட்டி இருந்த காலம் அது. அந்த அலைகள் நேராகவே செல்பவை என்பதால், கடலின் வளைவைத் தாண்டிவிட்ட படகுக்கு எங்கள் கூரைமேல் மூங்கிலில் கட்டிய கம்பி எட்டாது.

எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேசியதால் எல்லாருக்கும் எல்லாம் கேட்டது. ஆகவே மீன் கூட்டத்தைக் கண்டவர் இடத்தை மாற்றிச் சொல்வது வழக்கம். சித்தப்பா வடக்கே வலை விட்டால் தெற்கே என்பார், தெற்கே விட்டால் வடக்கே என்பார். அது அவருக்கும் என் அப்பாவுக்கும் இடையிலான ஏற்பாடு. "உன் வாயில உண்மை வர்ற அன்னிக்குக் கடலே வத்திப்போயிடும் மச்சான்" என்று வேறொரு படகு கேலி செய்யும். பள்ளி விட்டு வந்ததும் பெட்டியருகிலேயே உட்கார்ந்திருந்த நான், பொய் சொல்லுமுன் சித்தப்பா லேசாகச் செருமுவார் என்பதைக் கண்டுபிடித்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

ஓர் ஐப்பசி மாலை, கூட வருகிறவர் கல்யாணத்துக்குப் போய்விட்டதால் தனியாகக் கடலுக்குப் போயிருந்த சித்தப்பாவின் குரல் வந்தது: "பாப்பா, அப்பாட்ட சொல்லு. இன்ஜின் நின்னுபோச்சு. நான் தெக்கே கெடக்கேன்." பிறகு வெறும் இரைச்சல். செருமல் இல்லை.

கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடிப்போய் அச்சொற்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். "தெக்கேன்னா வடக்கதான் கெடப்பான். மீனை வச்சுக்கிட்டு எடத்தைச் சொல்லுவானா அவன்?" என்று அப்பா சிரித்தார். நான் வாயெடுத்தேன்; அதற்குள் படகைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள்; சொல்லவில்லை. அப்பா வடக்கே போக, உதவிக்குக் கிளம்பிய இரண்டு படகுகளும் அவர் பின்னாலேயே போயின. இருட்டுமுன் காற்று வலுத்தது. மூன்றாம் நாள், தெற்கே வேதாரண்யம் பக்கம், சித்தப்பாவின் படகு கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை.

இப்போது தஞ்சாவூரில் இலக்கியம் படிக்கிறேன். ஊரில் எந்த வீட்டிலும் அந்தப் பெட்டி இல்லை. படகில் பொருத்திய கருவி, படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளுக்குத் தானே தெரிவித்துவிடுகிறது, மாற்றிச் சொல்ல வழியில்லை. அப்பா கடலுக்குப் போவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், அவர்கள் கேட்காமலேயே, "நாந்தாங்க தெச மாறிப் போயிட்டேன்" என்கிறார். விடுமுறைக்குப் போயிருக்கும் நான், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.