மகள் முதலில் யாரிடம் சொல்வாள்?

பிள்ளை வளர்க்கிற தொழிலில், வேலை ஒருவழியாகப் பிடிபடுகிற நேரத்தில் பிள்ளை வேறு ஆளாகிவிடும். என்னைப்போல் பன்னிரண்டு வயதையும் பதினாலு வயதையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு இது தெரியும். நான் மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் படகு எஞ்சின் திருத்துகிறவன். மனைவி வேலைக்குக் குவைத் போகும்போது ஒன்றுதான் கேட்டாள்: "மகள் பெரிய பிள்ளையாகிற அண்டைக்குப் பயந்து ஒளிச்சிருக்காமல், முதல் உங்களிட்டச் சொல்லவேணும். அப்பிடி அவளை வச்சிருங்கோ."

அப்படி வைத்திருக்கிறேனா என்ற பயம் அன்று பிடித்தது.

இறக்கை எதற்கு?

நாள் வருமுன் மாதவிடாய்க்கு வைக்கிற சாமானை வாங்கி வைப்போம் என்று மன்னார் டவுனில் ஒரு பார்மசிக்குப் போனேன். ஒரு பாக்கெட்டில் இறக்கை போட்ட படம், மற்றதில் இல்லை. தெரியாததைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. கேட்டேன். அங்கே வேலைக்கு நின்ற பிள்ளையும் ஒன்றைப் பிரித்து, எப்படி ஒட்டுவது, எப்போது மாற்றுவது என்று பொறுமையாக விளக்கினாள்.

எனக்குப் பின்னால் நின்ற எருக்கலம்பிட்டிப் பெரியவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் வந்துவிட்டது. அவர் குரலைத் தாழ்த்தி, "நிப்பாட்டாதீங்க தம்பி, இன்னும் கேளுங்க. எனக்கு மூணு மகள்மார். இத்தனை வருசமும் கறுப்புப் பையைக் கொண்டுபோய்க் குடுத்ததுதான், உள்ளுக்கு என்னெண்டு பாத்ததில்லை" என்றார்.

ஒத்திகை

மகளோடு பேசுவதற்கு முன், கழற்றி வைத்த எஞ்சின் ஒன்றின் முன்னால் நின்று பேசிப் பழகினேன். "இது எல்லாருக்கும் நடக்கிறதுதான் மகள், பயப்பிடக்கூடாது." மூன்றாம் தரம் சொல்லும்போது பார்த்தால், தேத்தண்ணியோடு பட்டறை வாசலில் அவளே நிற்கிறாள்.

"அப்பா, சுகாதாரப் பாடத்தில எல்லாம் படிப்பிச்சிட்டினம். உங்களுக்கு ஏதும் விளங்காட்டிக் கேளுங்கோ."

உண்மையில் இரண்டு கேள்வி இருந்தது. கேட்டேன். சரியான பதில் சொன்னாள்.

உடைந்த குரல்

மூத்தவன் தேவாலயப் பாடகர் குழுவில் தனியாகப் பாடுகிறவன். ஒரு ஞாயிறு பூசையில் பாட்டின் நடுவில் குரல் உடைந்தது. அதற்குப்பிறகு வீட்டிலும் வாய் திறப்பதில்லை, எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். எனக்கு எப்போது உடைந்தது என்று யோசித்தேன். நினைவில்லை. அந்த நேரம் என்னை ஒருவரும் விசாரிக்கவுமில்லை.

போன குரல் எப்போது திரும்பும் என்று பாட்டுப் பழக்குகிற ரீச்சரைக் கேட்டேன். "அது திரும்பாது அண்ணன். இனி வேற ஒண்டு வரும். எப்பிடி இருக்குமெண்டு கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு."

கடைக்குப் போன பிழை

ஒரு சனிக்கிழமை மகள் பட்டறைக்கு வந்தாள். "அப்பா, அலுமாரிக்குள்ள வச்ச சாமான் எங்க? ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மாமிக்கும்தான்." என்னிடம்தான் முதலில் சொன்னாள்! கண் கலங்கிவிட்டது, எண்ணெய்க் கையால் துடைத்தது வேறு.

மாமி என்பது அடுத்த வளவில் இருக்கும் என் அக்கா. முதல் தண்ணி வார்க்கும் உரிமை அவவுக்கு. பெரிய பிள்ளையானதைக் கொண்டாடுகிற சாமத்திய வீட்டுக்கு மண்டபம், வீடியோ என்று எப்போதோ திட்டம் போட்டு வைத்திருந்தா. நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நேரே கடைக்குப் போய், பெரிய பிள்ளையானவளுக்குக் கொடுக்கிற முட்டை, நல்லெண்ணெய், உளுத்தம்மா வாங்கினேன். இந்த மூன்றையும் பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக்காரன் ஒன்றாக வாங்கினால் எங்கள் ஊரில் வேறு அறிவித்தல் தேவையில்லை. நான் திரும்பி வருமுன் அக்கா எங்கள் வீட்டுப் படலை வாசலில் நிற்கிறா.

மகள் அறைக்கதவைச் சாத்திவிட்டாள். இனி எதையும் என்னிடம் சொல்லமாட்டாளே! படலையை மறித்து நின்று, "அக்கா, பிள்ளை ஓமெண்டு சொல்லாமல் தண்ணியுமில்லை, மண்டபமுமில்லை" என்றேன். அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது.

"மாமியை விடுங்கோ அப்பா, தண்ணி மட்டும் வார்க்கட்டும். நீங்கள் இனி ரகசியமெண்டால் மூண்டு கடையில வாங்குங்கோ."

மகள் முதலில் என்னிடம்தான் சொன்னாள் என்று அன்றே குவைத்துக்குச் சொல்லிவிட்டேன். அதை நான் ஊருக்குச் சொன்ன விதத்தை மட்டும் இன்னும் சொல்லவில்லை.